நான்காவது சொல்: ஒப்புமை வினாக்களும் உறவறியும் கலையும்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள். தென் திருப்பதி என்று பெயர் பெற்ற இத்தலத்தில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையம், சிவகாசி, விருதுநகர்ப் பக்கத்து மக்கள் திரளுவார்கள். இந்த ஊரை வைத்து ஒரு தேர்வு வினா எழுதிப் பார்க்கலாம். 'பழனி : முருகன் :: திருவண்ணாமலை : ?' கீழே நான்கு விடைகள்: சிவன், பெருமாள், பிள்ளையார், அம்மன். சென்னையில் எழுதும் மாணவன் யோசிக்காமல் 'சிவன்' என்று குறிப்பான். ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவனோ, 'எந்தத் திருவண்ணாமலை?' என்று ஒரு கணம் தயங்குவான். ஊருக்கும் அங்கே உறையும் தெய்வத்துக்கும் உள்ள உறவு இருவருக்கும் தெரியும். ஆனால் இருவரும் வளர்ந்த உலகம் வேறு.

இரண்டு சொற்களுக்கு இடையிலுள்ள உறவைக் கண்டு, அதே உறவில் மூன்றாவது சொல்லுக்கு இணை தேடச் சொல்லும் இந்த வினாக்களைத் தேர்வு வழிகாட்டிகள் 'ஒப்புமை' என்ற தலைப்பில் தருகின்றன; 'மனத்திறன்' என்ற பெரிய தலைப்புக்குள் அடக்குகின்றன. அந்தப் பெயரைக் கேட்டதும், இது பிறவியிலேயே சிலருக்கு வாய்க்கும் கூர்மை என்று பெற்றோரும் பிள்ளைகளும் நினைத்துக்கொள்கிறார்கள். இவ்வினா வகையின் வரலாற்றையும் இதைப் பற்றி நடந்த ஆய்வுகளையும் பார்த்தால் வேறொரு முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. இதில் பாதி சொல்லறிவு. மறுபாதி, கண்ட உறவை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு வேண்டிய கருவிகள் நம் இலக்கண வகுப்பில் சும்மா கிடக்கின்றன.

எங்கே கேட்கிறார்கள்?

அரசுப் பள்ளி மாணவர் இவ்வினாவைப் பெரும்பாலும் முதலில் சந்திப்பது எட்டாம் வகுப்பில், தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில். மத்திய அரசு 2008இல் தொடங்கிய திட்டம் இது. மனத்திறனுக்கு 90 வினா, படிப்பறிவுக்கு 90 வினா. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகள் தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மில் வேலைக்கும் தறிக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போகிற பெற்றோருக்கு அது சிறு தொகை இல்லை. அந்த மனத்திறன் தாளின் நிலையான பகுதிகளில் ஒன்று ஒப்புமை.

அதற்குப் பின்னும் இது விடாது. வங்கித் தேர்வு, மத்தியப் பணியாளர் தேர்வு, காவல் துறைத் தேர்வு என்று எல்லாவற்றிலும் ஏதாவது ஓர் உருவில் வந்து நிற்கும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்களில் 100 தமிழுக்கு உரியவை. உவமைத் தொடருக்குப் பொருள் காண்பதும் பொருந்தாச் சொல்லைக் கண்டறிவதும் அதில் நெடுநாள் பழக்கமானவை. இரண்டும் ஒப்புமை வினாவின் உறவினர்களே. நான்கில் பொருந்தாத ஒன்றை நீக்க வேண்டுமானால், மற்ற மூன்றையும் கட்டும் உறவு எது என்று முதலில் தெரிய வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

வினாவில் வரும் நான்கு புள்ளிகள் கணக்கு வகுப்பிலிருந்து வந்தவை. 2 : 3 :: 4 : 6 என்ற விகிதசமத்தை ஆறாம் வகுப்பிலேயே எழுதிவிடுகிறோம். அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் உருவகத்தையும் இப்படியே நான்கு உறுப்புகளாகப் பிரித்தார். நாளுக்கு மாலை இருப்பதுபோல வாழ்வுக்கு முதுமை இருப்பதால்தான் முதுமையை வாழ்வின் மாலை என்று சொல்ல முடிகிறது என்பது அவருடைய விளக்கம். எண்களின் விகிதசமத்தை ஓரப் பெருக்கமும் நடுப் பெருக்கமும் சமமா என்று பெருக்கிச் சரிபார்க்கலாம். சொற்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் உறவை வாக்கியமாகச் சொல்லிச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளவியலாளர்கள் இதை அறிவுச் சோதனையாக்கினார்கள். உறவைக் காண்பதும் அந்த உறவுக்கு இணை காண்பதுமே அறிவின் சாரம் என்று இங்கிலாந்தின் சார்லஸ் ஸ்பியர்மேன் 1923இல் வாதிட்டார். அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான 'சாட்' தேர்வு 1926இல் முதன்முதலாக நடந்தபோதே ஒப்புமை அதன் ஒரு பகுதி. ஒப்புமையை மட்டுமே கேட்கும் மில்லர் தேர்வு, 60 நிமிடத்தில் 120 வினாக்கள் என்ற கணக்கில் உயர்கல்விச் சேர்க்கைக்குப் பல ஆண்டுகள் பயன்பட்டது.

பிறகு இறங்குமுகம். சாட் தேர்வு 2005இல் ஒப்புமையைக் கைவிட்டது. மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வு 2011இல் கைவிட்டது. மில்லர் தேர்வு 2023இல் நிறுத்தப்பட்டது. பிறந்த நாட்டில் ஓய்வு பெற்ற வினா, நம் ஊர்ப் போட்டித் தேர்வுகளில் இன்னும் பணியில் இருக்கிறது.

உறவுகளை எப்படி வகைப்படுத்துவது?

வழிகாட்டி நூல்கள் உறவுகளைப் பத்து, பதினைந்து, இருபது என்று ஆளுக்கொரு கணக்கில் அடுக்குகின்றன. மாணவர்கள் அந்தப் பட்டியலை உருப்போடுகிறார்கள். இதைவிடக் கட்டுக்கோப்பான பட்டியல் நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. அதன் பெயர் வேற்றுமை.

இரு பெயர்களுக்கு இடையே என்ன உறவு என்பதைச் சொல்வதே வேற்றுமை உருபின் வேலை. 'உழவர் : நிலம்' என்றால் நிலத்தை உழுபவர், இரண்டாம் வேற்றுமை. 'தச்சர் : உளி' என்றால் உளியால் செதுக்குபவர், மூன்றாம் வேற்றுமையின் கருவிப் பொருள். நான்காம் வேற்றுமையைப் பாருங்கள்: கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை என்று ஏழு பொருள் சொல்கிறது நன்னூல். பாம்புக்குக் கீரி பகை. துணிக்கு நூல் அதுவாதல். தாய்க்கு மகள் முறை. போட்டித் தேர்வுகள் பகைமை உறவு, மூலப்பொருள் உறவு, உறவுமுறை என்று தனித்தனித் தலைப்பில் கேட்பவை எல்லாம் 'கு' என்ற ஓர் உருபுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆறாம் வேற்றுமை இன்னும் நுட்பமானது. யானையின் தந்தம் தற்கிழமை. பாகனின் யானை பிறிதின்கிழமை. பிரிக்க முடியாத உறுப்பும் பிரிக்கக்கூடிய உடைமையும் வேறு வேறு என்பதை இலக்கணம் முன்பே சொல்லிவிட்டது. 'மரம் : கிளை :: கோபுரம் : ?' என்ற வினாவில் 'நிலை' என்றும் 'கோயில்' என்றும் 'அர்ச்சகர்' என்றும் விடைகள் இருந்தால், தற்கிழமை தெரிந்த பிள்ளை நிலையைத் தேர்ந்துகொண்டு மேலே போய்விடும். ஏழாம் வேற்றுமை இடமும் காலமும். குளத்தில் தாமரை, மார்கழியில் பாவை நோன்பு.

இன்னொரு பட்டியல் ஆகுபெயர். நன்னூலின் கணக்கில் பதினாறு. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று தொடங்கி, எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்ற நான்கு அளவைகளைக் கடந்து, கருவி, காரியம், கருத்தா, உவமை வரை போகிறது. ஒன்றின் பெயர் மற்றொன்றுக்கு ஆகிவர வேண்டுமானால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு இருந்தாக வேண்டும். அந்த உறவுகளின் பட்டியல்தான் இது. 'பக்கத்து வீட்டில் ராஜபாளையம் வளர்க்கிறார்கள்' என்று யாராவது சொன்னால் நாயைச் சொல்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். இடவாகுபெயர். தொல்காப்பியர் இதையே பிறந்தவழிக் கூறல் என்பார். 'ராஜபாளையம் : நாய் :: காங்கேயம் : காளை', 'ஸ்ரீவில்லிபுத்தூர் : பால்கோவா :: கோவில்பட்டி : கடலைமிட்டாய்' போன்ற வினாக்கள் அனைத்துக்கும் அடியில் இருப்பது இந்த உறவே. 'பால் : லிட்டர் :: மல்லிகைச் சரம் : முழம்' என்பது முகத்தலளவையும் நீட்டலளவையும்.

மூன்றாவது பட்டியல் மரபு. யானை பிளிறும், மயில் அகவும். புலிக்குப் பறழ், சிங்கத்துக்குக் குருளை. தொல்காப்பிய மரபியலில் தொடங்கிய இந்தக் கணக்கை மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் செடிகொடிகளில் மேலும் விரித்தார். ராஜபாளையத்துக்குத் தெற்கே உள்ள சங்கரன்கோவில் 1902இல் அவர் பிறந்த ஊர். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் இடம்பெற்ற அவருடைய சொல்வளக் கட்டுரையில் பிஞ்சு வகைகள் மட்டும் ஒரு வரிசை நீள்கின்றன: மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, எள்ளுக்குக் கவ்வை, தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, வாழைக்குக் கச்சல். 'மா : வடு :: வாழை : ?' என்று கேட்டால் எவ்வளவு கூர்மையான மூளையும் கச்சலை ஊகித்துவிட முடியாது. உறவு வெளிப்படையாகத் தெரிந்தும் விடை தெரியாத வினா இது. சொல்லறிவை மட்டுமே சோதிக்கிறது.

அகத்திணைக் கருப்பொருளும் இப்படி ஒரு பெரிய ஒப்புமை அட்டவணையே. முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன். நிலத்துக்கு நிலம் தெய்வமும் பறையும் பூவும் மாறும். கட்டங்களுக்கு இடையிலான உறவு மாறாது.

ஓர் எச்சரிக்கை. உவமையும் ஒப்புமை வினாவும் ஒன்றில்லை. தொல்காப்பியர் உவமை தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பிரித்தார். முகமும் நிலவும் தோற்றத்தால் ஒக்கும். அங்கே ஒப்பிடப்படுவன இரு பொருள்கள். ஒப்புமை வினாவில் ஒப்பிடப்படுவன இரு உறவுகள். தச்சருக்கும் மருத்துவருக்கும் ஒற்றுமை எதுவும் வேண்டியதில்லை. உளி தச்சருக்கு என்னவோ அதுவாக அறுவைக் கத்தி மருத்துவருக்கு இருந்தால் போதும்.

ஒரு வினாவை அவிழ்த்துப் பார்ப்போம்

ராஜபாளையத்துப் பக்கம் சத்திரப்பட்டி மருத்துவத் துணிக்குப் பேர்போனது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டையும் சேர்த்து ஒரு வினா:

நூல் : துணி :: பால் : ?
(அ) வெண்மை (ஆ) பசு (இ) பால்கோவா (ஈ) குவளை

நான்கு விடைகளுமே பாலோடு உறவுடையவை என்பதைக் கவனிக்க வேண்டும். வெண்மை அதன் பண்பு, பசு அது பிறக்கும் இடம், குவளை அதைக் கொள்ளும் கலம். நல்ல வினா எழுதுகிறவர் தவறான விடைகளை இப்படித்தான் அமைப்பார். மூன்றாவது சொல்லை மட்டும் பார்த்து 'பால் என்றதும் பசு' என்று பாய்கிறவர்களுக்கான வலை அது. தப்பிக்க வழி, முதல் இணையை வாக்கியமாக்குவது: 'நூலைக் கொண்டு துணி செய்கிறார்கள்.' அதே வாக்கியத்தில் பாலை வைத்தால் பால்கோவாதான் பொருந்தும்.

இப்போது திசையைத் திருப்புவோம். 'துணி : நூல் :: பால்கோவா : ?' விடைகளில் பாலும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. 'துணி நூலால் ஆனது' என்ற வாக்கியம் இரண்டையும் உள்ளே விட்டுவிடும். ஆகவே வாக்கியத்தைக் கூராக்க வேண்டும்: 'துணியின் முதன்மையான மூலப்பொருள் நூல்.' சர்க்கரை வெளியே போய்விடும். ஒன்றுக்கு மேற்பட்ட விடை பொருந்தினால் வாக்கியம் தளர்வாக இருக்கிறது என்று பொருள். ஒன்றுமே பொருந்தாவிட்டால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டோம் என்று பொருள்.

மாணவர்கள் சறுக்கும் மற்ற இடங்கள் சில. ஒன்று, தீவிரம். 'தூறல் : பெருமழை :: தென்றல் : ?' என்பதற்குக் காற்று என்று எழுதினால் அது பொதுப்பெயர். வாடை என்றால் திசை மாறிய இன்னொரு காற்று. மென்மையிலிருந்து கடுமைக்குப் போகும் உறவுக்குப் புயலே விடை. இன்னொன்று, சொல்வகை. முதல் இணை பெயரும் வினையுமாக இருந்தால் இரண்டாவதும் அப்படியே இருக்க வேண்டும். 'யானை : பிளிறு' என்ற இணைக்கு 'மயில் : தோகை' இணையாகாது. மூன்றாவது, குறுக்கு உறவு. 'தச்சர் : கொல்லர் :: உளி : சம்மட்டி' என்பதில் முதல் இரு சொற்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் தெளிவான உறவு கிடைக்காது, முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விகிதசமத்தில் நடு உறுப்புகளை இடம் மாற்றலாம் என்று கணக்கு ஆசிரியர் சொன்னது இங்கேயும் செல்லும்.

ஆய்வுகள் சொல்வது

விடை காணும்போது மாணவர் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை 1977இல் உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பர்க் படிப்படியாகப் பிரித்து அளந்தார். சொற்களை உள்வாங்குதல், முதல் இணையின் உறவை ஊகித்தல், அதை மூன்றாவது சொல்லோடு பொருத்துதல், நான்காவதைத் தேர்தல் என்று படிகள். அவர் கண்ட முடிவுகளில் ஒன்று பயிற்சி மையங்களின் அறிவுரைக்கு நேர் எதிரானது. திறமையாக விடை காண்பவர்கள் முதல் படியில், சொற்களை உள்வாங்குவதில், மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் வரும் படிகளில் அதை ஈடுகட்டிவிடுகிறார்கள். வினாவைப் பார்த்ததும் விடைகளுக்குத் தாவச் சொல்வது வேகம் போலத் தோன்றும்; பலன் குறைவு.

பதினோரு, பன்னிரண்டு வயதுக்கு முன் பிள்ளைகளுக்கு ஒப்புமைச் சிந்தனை வராது என்று உளவியலாளர் பியாஜே கருதினார். உஷா கோஸ்வாமியும் ஆன் பிரவுனும் 1990இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. சாக்லேட் உருகுவது, பனிப்பொம்மை உருகுவது என்று குழந்தைகள் நேரில் கண்ட மாற்றங்களைப் படங்களாகக் காட்டிக் கேட்டபோது, பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும் சரியாகத் தேர்ந்தார்கள். அந்த உறவுகள் அவர்களுக்கு முன்பே தெரிந்தவை. 'மனத்திறன் இல்லை' என்று ஒரு பிள்ளையை ஒதுக்குவதற்கு முன், வினாவிலுள்ள சொற்கள் அதற்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டியது ஆசிரியரின் கடமை.

யாருடைய உலகம்?

அமெரிக்காவில் ஒப்புமை வினாக்களுக்கு எதிராக அடிக்கடி சான்றாகக் காட்டப்பட்ட பழைய சாட் வினா ஒன்று உண்டு. ஓட்டக்காரருக்கு மாரத்தான் எப்படியோ, அதுபோலத் துடுப்பு வலிப்பவருக்குப் படகுப் பந்தயம் என்பது அதன் விடை. ஏரிக்கரை மாளிகைகளில் வளர்ந்த பிள்ளைக்குப் படகுப் பந்தயத்தின் பெயர் வீட்டுச் சொல்; நகரத்துக் கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை அதைக் கேள்விப்பட்டே இருக்காது. பின்தங்குவதற்குக் காரணம் அறிவு இல்லை, முகவரி.

நாமும் அதே தவற்றைத் தலைகீழாகச் செய்யலாம். 'பாவு : நீளம் :: ஊடை : ?' என்று கேட்டால் சத்திரப்பட்டித் தறிவீட்டுப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு 'அகலம்' என்று சொல்லும். சென்னைப் பிள்ளை விழிக்கும். தொழில்–கருவி வினாக்களில் தச்சர், கொல்லர், குயவர் என்று குலத்தொழில்களே சுற்றிச் சுற்றி வருவதும் யோசிக்க வேண்டியது. செவிலியர், எலக்ட்ரீசியன், மில் தொழிலாளி, ஓட்டுநர் ஆகியோருக்கும் கருவிகள் இருக்கின்றன. பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் தொழில்களும் அவையே. நியாயமான ஒப்புமை வினா என்றால், நான்கு சொற்களும் தேர்வெழுதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண்டுபிடிக்க வேண்டியதாக உறவு மட்டும் இருக்க வேண்டும்.

இயந்திரம் எப்படிச் செய்கிறது?

பழைய சாட் வகை வினாக்கள் 374ஐத் திரட்டி பீட்டர் டர்னி என்ற கணினி ஆய்வாளர் கணினிகளுக்குத் தேர்வு வைத்தார். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களின் சராசரி 57 விழுக்காடு. 2006 வாக்கில் அவருடைய நிரல் 56ஐத் தொட்டது. 2020இல் ஜி.பி.டி-3 என்ற மொழி மாதிரி 65ஐத் தாண்டியது. இடையில் 2013இல், சொற்களை எண் வரிசைகளாக்கி, அரசனிலிருந்து ஆணைக் கழித்துப் பெண்ணைக் கூட்டினால் அரசி வரும் என்று காட்டிய முறை பெரும் பேச்சானது. அதில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு: வினாவில் வந்த சொற்களை விடையாகச் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே விலக்கிவிடுவார்கள். விலக்காவிட்டால் பல நேரம் 'அரசன்' என்றே விடை வரும். உறவை விட்டுவிட்டு நெருக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்தச் சறுக்கல், 'பால் என்றதும் பசு' என்று பாயும் மாணவரின் சறுக்கலே. அதே முறை, ஆணுக்கு நிரலாளர் என்றால் பெண்ணுக்கு இல்லத்தரசி என்று விடை சொன்னதையும் 2016இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பயின்ற உரைகளில் இருந்த ஓரவஞ்சனை விடையில் எதிரொலித்தது.

பள்ளியில் செய்யக்கூடியது

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் வகுப்பறைக்கு மூன்று காரியங்கள் தேறுகின்றன. முதலாவது, பயிற்சித் தாளில் அ, ஆ, இ, ஈ என்று குறிப்பதோடு விடாமல், உறவைச் சொல்லும் வாக்கியத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லி அதற்கும் ஒரு மதிப்பெண் கொடுப்பது. விடை தவறி வாக்கியம் சரியாக இருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சொல் தெரியவில்லை. வாக்கியமே தவறினால் உறவு பிடிபடவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

இரண்டாவது, வேற்றுமையும் ஆகுபெயரும் நடத்தும் அதே வாரத்தில் ஒப்புமை வினாக்களையும் நடத்துவது. 'அதுவாதல்' என்றால் என்ன என்று மனப்பாடம் செய்த பிள்ளை நூலையும் துணியையும் பார்த்து அதை அடையாளம் காணும்போதுதான் இலக்கணம் கைக்கு வரும். தமிழாசிரியரும் மனத்திறன் பயிற்சி தருபவரும் பல பள்ளிகளில் வேறு வேறு ஆட்கள். இருவரும் ஒரு முறை உட்கார்ந்து பேசினால் போதும்.

மூன்றாவது, பிள்ளைகளையே வினா எழுதவைப்பது. தறி, மில், மாந்தோப்பு, கண்மாய், பட்டாசு, பால்கோவா என்று ஊரில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஒரு சரியான விடையை எழுதிவிட்டு, வேறு வேறு உறவால் ஈர்க்கும் மூன்று தவறான விடைகளை அமைத்துப் பார்க்கட்டும். வலை பின்னிய பிள்ளை பிறர் விரித்த வலையில் எளிதில் சிக்காது. எட்டாம் வகுப்பில் இப்படிப் பழகியவருக்கு உதவித்தொகைத் தேர்வு ஒரு லாபம். பத்தாம் வகுப்பில் இலக்கணம் புரிவது அதைவிடப் பெரிய லாபம்.